49-க்கும் 50-க்கும் நடுவே

அப்போது எங்கள் எக்ஸ்ரே வண்டியில் 50தான் எல்லை. நெஞ்சுப் படம் எடுத்து ஒரு நிமிஷத்துக்குள் லேப்டாப் திரையில் ஓர் எண் விழும். 0 முதல் 100 வரை எதுவும் வரலாம். 50-ம் அதற்கு மேலும் வந்தவர்கள் வேப்பமரத்தடிக்குப் போகவேண்டும். அங்கே சளி டப்பாவோடு லேப் தம்பி உட்கார்ந்திருப்பான். அதற்குக் கீழே வந்தவர்கள், இருமல், காய்ச்சல், உடம்பு மெலிவு எதுவும் இல்லையென்றால், சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

2022 கோடையில் ஒருநாள், கல்குவாரியை ஒட்டிய ஓர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் காசநோய் முகாம். அடுத்தடுத்து இரண்டு பேர் வந்தார்கள். ஒரே குவாரியில் கல் உடைப்பவர்கள், ஏறக்குறைய ஒரே வயது. முன்னவருக்கு 50. பின்னவருக்கு 49. முன்னவர் டப்பாவை வாங்கிக்கொண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் போனார். பின்னவர் பொத்தான் போட்டுக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தார்.

“ஒரு மார்க்குல விட்டுட்டேன் போலிருக்கே. நான் பாஸா ஃபெயிலா சார்?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் என்னிடம் பதில் இல்லை. அப்போது எனக்கு 34 வருஷ சர்வீஸ். அந்தக் கோட்டை யார் போட்டார்கள், ஏன் அந்த இடத்தில் போட்டார்கள் என்று அதுவரை நான் யாரிடமும் கேட்டதில்லை.

1988-ல் ஓர் அரசு மருத்துவமனையில் டார்க் ரூம் அசிஸ்டெண்டாகச் சேர்ந்தேன். ஜன்னல் இல்லாத சின்ன அறை, ஒரு சிவப்பு பல்பு, மூன்று தொட்டிகள்: டெவலப்பர், தண்ணீர், ஹைப்போ. கேசட்டைத் திறந்து ஃபிலிமை உருவி, ஹேங்கரில் மாட்டி, டெவலப்பரில் ஐந்து நிமிஷம் முக்க வேண்டும். டெவலப்பர் 20 டிகிரியில் இருக்கவேண்டும் என்பது புத்தகத்தின் சட்டம். சித்திரை மாதத்தில் எங்கள் குழாய்த் தண்ணீரே கை சுடும். ஐஸ் கட்டியைப் பாலிதீன் பையில் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிடுவோம். ஐஸ் வராத நாட்களில் ஃபிலிமைத் தூக்கித் தூக்கிச் சிவப்பு வெளிச்சத்தில் பார்த்து, கண்மதிப்பில் எடுப்போம். பழைய ஹைப்போவில் படங்களின் வெள்ளி கரைந்து கிடக்கும். அதைக் கேட்டு வாங்கிப்போக ஆள் வரும். என் சட்டைகளில் போகாத கறையும் புளித்த வாடையும் இருந்தன.

ஈரப் படத்தை அப்படியே டாக்டர் மேஜைக்கு எடுத்துப் போவது என் வேலை. அவர் வியூ பாக்ஸில் மாட்டுவார். தண்ணீர் சொட்டும். சில விநாடிகள் பார்ப்பார். பிறகு சீட்டில் எழுதுவார்: ‘நார்மல்’, ‘சளி பார்க்கவும்’, ‘காசநோய்க்கு வாய்ப்பு’. கொஞ்ச நாளில் எனக்கு ஒரு வித்தை கைவந்தது. படத்தையும் அன்றைக்கு உட்கார்ந்திருக்கும் டாக்டரையும் பார்த்தால், சீட்டில் என்ன வரும் என்று முன்பே சொல்லிவிடுவேன். ஒருவர் மேல்மூலையில் மங்கலாக ஏதாவது தெரிந்தாலே சளிக்கு அனுப்புவார். இன்னொருவர் நுரையீரலில் குழி விழுந்தது தெளிவாகத் தெரிந்தால்தான் பேனாவை எடுப்பார். இருவருமே நல்ல டாக்டர்கள்.

ஒருநாள் என் கவனக்குறைவால் ஒரே படம் இரண்டு நாள் படக்கட்டுகளிலும் சேர்ந்துவிட்டது. முதல் நாள் ‘நார்மல்’ என்று எழுதிய அதே டாக்டர், இரண்டாம் நாள் ‘வலது மேல்பகுதி சந்தேகம், சளி பார்க்கவும்’ என்று எழுதியிருந்தார். இரண்டு சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு முதல் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன். டாக்டர் தப்பு செய்துவிட்டார் என்று நினைத்து, அவர் மானத்தைக் காப்பாற்றியதாகவும் எனக்குள் ஒரு பெருமை.

பல வருஷம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில்தான் அது அவருடைய தப்பு இல்லை என்று தெரிந்தது. அமெரிக்காவில் 1940-களில் ஒரு கேள்வி எழுந்தது: காசநோயைக் கூட்டமாகக் கண்டுபிடிக்கப் பெரிய ஃபிலிம் நல்லதா, சின்ன ஃபிலிம் போதுமா? ஒரே ஆட்களை நான்கு விதமாகப் படம் எடுத்து, ஐந்து வல்லுநர்களிடம் கொடுத்தார்கள். புள்ளியியலாளர் ஜேக்கப் யெருஷால்மி கணக்குப் பார்த்தார். 1947-ல் முடிவு வெளியானபோது ஃபிலிம் அளவுக் கேள்வியே பின்னால் போய்விட்டது. ஃபிலிமுக்கும் ஃபிலிமுக்கும் இருந்த வித்தியாசத்தைவிட, டாக்டருக்கும் டாக்டருக்கும் இருந்த வித்தியாசம் பெரிது. அதே படத்தை அதே டாக்டரிடம் கொஞ்ச நாள் விட்டுக் கொடுத்தால், அவர் தன்னோடு தானே முரண்பட்டார். எல்லா டாக்டர் மனத்துக்குள்ளும் ஒரு கோடு இருக்கிறது. அது காலையில் ஓர் இடத்திலும் சாயங்காலம் வேறோர் இடத்திலும் நிற்கிறது. நான் கிழித்துப் போட்ட சீட்டு அந்தக் கோடு நகர்ந்ததற்குச் சாட்சி.

பிறகு சி.ஆர்.ஏ. என்ற எக்ஸ்ரே படிப்பை முடித்து ரேடியோகிராபர் ஆனேன். அதற்குள் காலம் எக்ஸ்ரேயை ஓரங்கட்டத் தொடங்கியிருந்தது. 1997-ல் தொடங்கிய திருத்திய தேசியக் காசநோய்த் திட்டத்தில் சளிதான் ராஜா. மூன்று வாரம் இருமல் இருந்தால் சளியை மைக்ராஸ்கோப்பில் பார். கிருமி தெரிந்தால் மாத்திரை கொடு. எக்ஸ்ரே பின்பாட்டு. அதில் நியாயமும் இருந்தது. படத்தில் தெரியும் வெள்ளைத் திட்டு காசநோயா, நிமோனியாவா, பழைய தழும்பா என்று படம் சொல்லாது. படிப்பவர்களும் ஒத்துப்போவதில்லை. நெஞ்சுப் படம் குறைந்து, எனக்குக் கை கால் எலும்பு முறிவுகளே பிழைப்பு என்று ஆனது. இடையில் டார்க் ரூம் போய் கம்ப்யூட்டர் ரேடியோகிராபி வந்தது. ஹைப்போ வாடை போன அன்று சந்தோஷம்தான். ஆனால் மறுநாள் அந்த அறையில் நாற்காலிகளை அடுக்கிவைத்திருந்ததைப் பார்த்தபோது என்னவோபோல் இருந்தது.

எக்ஸ்ரே திரும்பி வந்ததற்குக் காரணம், இருமாத நோயாளிகள். 2019 முதல் 2021 வரை இந்தியா முழுவதும் நடந்த காசநோய்க் கணக்கெடுப்பில், ஆய்வகத்தில் உறுதியானவர்களில் 42.6 சதவீதம் பேருக்குச் சொல்லிக்கொள்ளும்படியான அறிகுறி இல்லை. எக்ஸ்ரே எடுத்திருக்காவிட்டால் அவர்கள் கைக்குச் சிக்கியிருக்க மாட்டார்கள். அப்படியானால் இருமல் வரும்வரை காத்திராமல் ஊர் ஊராகப் போய்ப் படம் எடுக்கவேண்டும். எடுக்கலாம். கையில் தூக்கிப்போகும் பேட்டரி எக்ஸ்ரே வந்துவிட்டது. நாலு கிலோகூட இல்லாதவையும் உண்டு. ஆனால் ஒரு நாளில் எடுக்கும் நூற்றுக்கணக்கான படங்களை அன்றைக்கே படிக்க டாக்டருக்கு எங்கே போவது? டாக்டரின் அந்த நாற்காலியில்தான் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. 2021 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் அனுமதி கொடுத்தது: 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் நெஞ்சுப் படத்தை, காசநோய்ச் சந்தேகம் உள்ளவர்களைச் சலித்தெடுப்பதற்காக, மனிதக் கண்ணுக்குப் பதிலாக மென்பொருளே படிக்கலாம். சலித்தெடுக்கத்தான், மாத்திரை தொடங்குவது சளிப் பரிசோதனைக்குப் பிறகு. சின்னப் பிள்ளைகளின் படத்தை இன்றும் நாங்கள் டாக்டருக்கே அனுப்புகிறோம்.

எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசை புதிதில்லை. 1963-லேயே அமெரிக்காவில் குவிலிம் லாட்விக் என்ற கதிரியக்க மருத்துவர், நுரையீரல் புற்றுநோய்ப் படங்களில் தெரிவதை எண்களாக்கிக் கம்ப்யூட்டருக்கு ஊட்ட முயன்றார். கட்டியின் அளவு, விளிம்பு, இடம் என்று பார்த்துச் சொன்னது மனிதக் கண். கணக்குப் போட்டது எந்திரம். இப்போதைய மென்பொருளுக்கு யாரும் ‘குழி இப்படி இருக்கும், தழும்பு அப்படி இருக்கும்’ என்று பாடம் எடுப்பதில்லை. லட்சக்கணக்கான படங்களை, இது நோயாளியுடையது, இது இல்லை என்ற விடையோடு காட்டுகிறார்கள். தப்பாகச் சொல்லும்போதெல்லாம் உள்ளே உள்ள எடைகளைத் திருத்திக்கொண்டு அது தானே பழகுகிறது. சந்தேகத்தின் அளவை எண்ணாகச் சொல்லும், சந்தேகப்படும் இடத்தில் சிவப்பும் மஞ்சளுமாக வண்ணம் பூசிக் காட்டும். ஏன் சந்தேகம் என்று மட்டும் சொல்லாது. எனக்கு டார்க் ரூமில் டாக்டர் எழுதப்போவது தெரிந்ததும் இப்படித்தான். யாரும் சொல்லித்தரவில்லை, பார்த்துப் பார்த்து வந்தது.

நன்றாகவே பார்க்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. டாக்காவில் 23,954 பேரின் படங்களை ஐந்து மென்பொருள்களிடமும் மூன்று கதிரியக்க மருத்துவர்களிடமும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021-ல் வந்தது. ஐந்துமே மருத்துவர்களைவிட நன்றாகச் செய்தன. பத்தில் ஒன்பது நோயாளிகளுக்கு மேல் பிடித்தபடியே, சளிப் பரிசோதனையைப் பாதியாகக் குறைக்க முடியும் என்றது அந்த ஆய்வு. ஆனால் வயதானவர்களிடமும் முன்பு காசநோய் வந்து குணமானவர்களிடமும் ஐந்துமே தடுமாறின. அந்தத் தடுமாற்றத்தை நான் வண்டியில் தினம் பார்த்தேன்.

ஓர் ஊரில் 70 வயதுப் பாட்டிக்கு 92 வந்தது. பேத்தியிடம் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் “நான் தொண்ணூத்தி ரெண்டு வாங்கியிருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே மரத்தடிக்குப் போனார். படத்தைப் பார்த்தேன். இடது மேல்பகுதி சுருங்கி, மூச்சுக்குழாய் அந்தப் பக்கமாக இழுபட்டிருந்தது. “ஆத்தா, முன்னால ஊசி போட்டிருக்கீங்களா?” என்றேன். “எம் புருசன் இருக்கும்போது தொண்ணூறு ஊசி போட்டாங்களே” என்றார். என்றைக்கோ ஆறிய புண்ணின் தழும்பு. எந்திரத்துக்குத் தழும்பும் புண்ணும் ஒன்றுபோலத் தெரிகிறது. குவாரி ஆட்களின் நுரையீரலில் படிந்த கல்தூசும் அப்படித்தான். அதுவும் மேல்பகுதியில்தான் பொடிப்பொடியாக உட்காரும்.

சில எண்கள் எங்கள் கையால் வருபவை. எந்திரம் படிப்பது நாம் எடுத்துக்கொடுத்த படத்தை. முதல் மாதத்திலேயே ஒரு பெண்ணுக்கு 78 வந்தது. வலது உச்சியில் சிவப்புப் பூச்சு. காசநோய் விரும்பி உட்காரும் இடம் அதுதான். ஆனால் அந்த நிழல் நுரையீரலைத் தாண்டிக் கழுத்துவரை போயிருந்தது. “அம்மா, பின்னலைத் தூக்கி உச்சியில கொண்டை போடுங்க” என்றேன். மறுபடி எடுத்ததும் 8. எண்ணெய் தேய்த்து இறுக்கிப் பின்னிய தலைமுடி எக்ஸ்ரேயில் வெள்ளையாக விழும் என்பது எங்கள் தொழிலில் முதல் வருஷப் பாடம். அந்த மென்பொருளைப் பழக்கிய இடத்தில் நம் ஊர்ப் பின்னல் எத்தனை வந்திருக்குமோ!

தாயத்தைக் கழற்றச் சொன்னால் சண்டை வரும். முதுகுப் பக்கம் தள்ளினால் மட்டும் மறைந்துவிடாது. தாலியைக் கழற்றச் சொல்லவே கூடாது. கொடியைத் தூக்கி உதட்டில் கவ்விக்கொள்ளச் சொல்வது பழைய தந்திரம். தோள்களை முன்பக்கம் உருட்டாவிட்டால் தோள்பட்டை எலும்பு நுரையீரல் மேல் ஏறி நிற்கும். உடம்பு லேசாகத் திரும்பினாலும் ஒரு பக்கம் வெளுக்கும். மூச்சை நிறைய இழுக்காவிட்டால் அடிப்பகுதி நெருங்கி, இல்லாத நோய் இருப்பதுபோல் தெரியும். வயலில் நின்று படம் எடுத்தாலும் ஆறடிக் கயிற்றை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவேன். கிட்டே போனால் இதயம் பெருத்துக் காட்டும். “மூச்சை இழுங்க, இன்னும் இழுங்க, அப்படியே பிடிங்க!” இந்த மூன்று சொல்லை நான் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்! கம்ப்யூட்டர் வந்தபின் அதை இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. டாக்டர், படம் சரியில்லை என்றால் ‘திருப்பி எடு’ என்று திட்டுவார். எந்திரம் திட்டாது, மோசமான படத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுத்துவிடும்.

இப்போது அந்தக் கோட்டுக்கு வருகிறேன்.

குவாரிக்காரரின் கேள்விக்கு அப்புறம் எங்கள் டாக்டரம்மாவிடம் கேட்டேன்: “ஐம்பதுன்னு யாரும்மா சொன்னது? கம்ப்யூட்டரா?” அவர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். கோட்டைக் கீழே இறக்கினால் நோயாளிகள் அதிகம் பிடிபடுவார்கள். கூடவே நோயில்லாதவர்களும் கூட்டமாக மரத்தடிக்குப் போவார்கள். மேலே ஏற்றினால் வீண் பரிசோதனை குறையும். கூடவே சில நோயாளிகள் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இப்படிச் சலித்தெடுக்கும் பரிசோதனை, 100 நோயாளிகளில் 90 பேரையாவது பிடிக்கவேண்டும், நோயில்லாத 100 பேரில் 70 பேரையாவது விட்டுவிடவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் அப்போது வைத்திருந்த குறைந்தபட்ச அளவு. அந்த அளவுக்குக் கோடு எங்கே நிற்கவேண்டும் என்பது ஊருக்கு ஊர், மென்பொருளுக்கு மென்பொருள் மாறும்.

“நமக்கு இதுல இன்னொண்ணும் இருக்கு” என்றார் டாக்டரம்மா. “சளியைச் சோதிக்கிற சீபிநாட் மெஷின்ல ஒரே நேரத்துல நாலு சாம்பிள்தான் ஓடும். ஒரு ஓட்டத்துக்குக் கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம். கார்ட்ரிட்ஜும் எண்ணித்தான் வருது. ஐம்பதுல நிறுத்துனா ஒரு நாள் முகாம் சளியை மறுநாள் முடிச்சிடலாம்.” கோடு போட்டதில் நுரையீரலுக்குப் பாதிப் பங்கு, கார்ட்ரிட்ஜ் இருப்புக்கு மீதிப் பங்கு.

அது எவ்வளவு எளிதில் நகரும் என்பதையும் பார்த்தோம். ஒரு திங்கட்கிழமை மென்பொருளின் புதுப் பதிப்பு தானாக ஏறியிருந்தது. அன்று மரத்தடி வெறிச்சென்று இருந்தது. லேப் தம்பி, “என்னண்ணே, ஊர்ல யாருக்கும் நோயே இல்லையா?” என்று கேட்டான். பழைய படங்கள் சிலவற்றை மறுபடி ஓட்டிப் பார்த்தோம். முன்பு 55 வந்த படத்துக்கு இப்போது 38. எந்திரம் கெட்டுப்போகவில்லை, அதன் அளவுகோல் மாறியிருந்தது. புதுப் பதிப்புக்குப் புதுக் கோடு வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அன்று திருப்பி அனுப்பியவர்களை மறுநாள் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டோம். புதுக் கணக்குப் போட்டு மேலிடம் எல்லையைச் சரிசெய்யும்வரை பழைய பதிப்பையே ஓட்டினோம்.

அந்த வாரம்தான் கிழித்துப் போட்ட சீட்டு நினைவுக்கு வந்தது. 1988-ல் டாக்டர் மனத்துக்குள் நகர்ந்த கோட்டை யாரும் பார்க்கவில்லை, அவரே பார்க்கவில்லை. இப்போது கோடு நகர்ந்தால் மரத்தடி காலியாகிறது, லேப் தம்பிகூடக் கேள்வி கேட்கிறான். பழைய படத்தைத் திருப்பி ஓட்டிச் சோதிக்க முடிகிறது. எந்திரம் டாக்டரைவிட நன்றாகப் பார்க்கிறதா என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். எனக்கு அது செய்த பெரிய காரியம் வேறு: மனத்துக்குள் கிடந்த கோட்டை எடுத்து வெளியே போட்டது. வெளியே கிடக்கும் கோட்டோடுதான் சண்டை போட முடியும்.

நானும் ஒரு சண்டை போட்டேன். அந்த 49-காரர் அன்று பள்ளிக்கூட வாசல்வரை போனவர் திரும்பி, “எதுக்கும் எங்க வீட்டுக்காரி மாத்திரை அட்டையைக் காட்டவா சார்?” என்றார். அவர் மனைவி காசநோய்க்கு மூன்றாம் மாத மாத்திரையில் இருந்தார். பதிவுத் தாளில் ‘வீட்டில் யாருக்காவது காசநோய் உண்டா’ என்ற கட்டம் காலியாக இருந்தது. நான் அவரைக் கூப்பிட்டு, தாளில் பேனாவால் எழுதி, டப்பாவைக் கொடுத்து மரத்தடிக்கு அனுப்பினேன்.

இரண்டு நாளில் முடிவு வந்தது. 50-காரருக்கு நெகடிவ். 49-காரருக்கும் நெகடிவ். கூடுதலாக ஒரு கார்ட்ரிட்ஜ் போனது ஏன் என்று மாவட்ட அலுவலகத்தில் கேட்டார்கள். டாக்டரம்மா அதற்கு விளக்கம் எழுதும்போது கூடவே ஒரு கோரிக்கையும் எழுதினார்: வீட்டில் நோயாளி இருப்பவர்களுக்கும் குவாரியில் வேலை செய்பவர்களுக்கும் ஒரே கோடு வைப்பது சரியில்லை, நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு எல்லையை 30-க்கு இறக்க அனுமதி வேண்டும். சில வாரத்தில் அனுமதி தாளில் வந்தது, கையெழுத்தோடும் தேதியோடும்.

ஆறு மாதம் கழித்து அதே பள்ளிக்கூடத்தில் முகாம். அவர் வந்திருந்தார். தோளை முன்னால் உருட்டி, மூச்சை நிறைய இழுத்து, யாரும் சொல்லாமலே பிடித்துக்கொண்டார். எண் விழுந்தது: 46.

“மூணு மார்க் குறைஞ்சு போச்சே சார்” என்றார்.

“உங்களுக்குக் கோட்டை முப்பதுக்கு இறக்கியாச்சு” என்று சளி டப்பாவை நீட்டினேன்.